முன்பக்கத்து இரும்பு

புதுக் காடி, காரைத்தான் சொல்கிறேன், எது கண்ணில் பட்டாலும் என் கட்டைவிரல் சும்மா இருக்காது. முன்சக்கரத்துக்கு மேலே இருக்கிற தகட்டை ஓர் அமுக்கு அமுக்கிப் பார்த்துவிடும். தகடு உள்ளே போய் 'டொப்' என்று திரும்பி வந்தால் அந்தக் காடிமேல் எனக்கு இருந்த மதிப்பு போய்விடும். கோலா சாவாவில் என் வொர்க்‌ஷாப்புக்கு வருகிற ஆண்கள் எல்லாருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. கதவைச் சாத்திச் சத்தம் கேட்பார்கள், டயரை ஓர் உதை உதைப்பார்கள், தகட்டை அமுக்குவார்கள். கனமாக இருந்தால் நல்ல காடி. அதற்கு மேல் யாரும் யோசித்ததில்லை, நான் உட்பட.

என் மகள் தன் சொந்தச் சம்பாத்தியத்தில் ஒரு சின்ன வெள்ளைக் காடி வாங்கி வந்து வாசலில் நிறுத்தியபோதும் முதலில் போனது விரல்தான். தகடு அப்பளம் மாதிரி அமுங்கியது.

"என்னம்மா இது, பிஸ்கட் டின்னுக்கு நாலு சக்கரம் மாட்டிக் குடுத்துட்டானுங்களா?" என்றேன்.

"இப்ப எல்லாக் காடியும் இப்படித்தான்லா, ப்பா. வெயிட் கம்மியா இருந்தாத்தான் எண்ணெய் கம்மியா குடிக்கும்."

"எண்ணெய் குடிக்காது, சரி. எதுலயாவது மோதுனா?"

அவள் தன் அம்மாவைப் பார்த்தாள். என் வீட்டில் பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால் என்னைப் பற்றி ஏதோ பேசி முடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் புதுக் காடி வந்த நாள். வாயை மூடிக்கொண்டேன்.

அவளுக்குச் சிரம்பானில், தெமியாங் பக்கம் ஒரு பல் கிளினிக்கில் வேலை. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்ப வேண்டும். வழியில் பாதித் தூரம் இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். பொழுது சாய்கிற நேரத்தில் காட்டுப்பன்றிகள் குடும்பத்தோடு சாலையைக் கடக்கும். அவள் காடி வாங்குவதற்குச் சில நாள் முன்புதான் பன்றி மோதி முன்பக்கம் நசுங்கிய ஒரு காடியைக் கட்டி இழுத்து வந்து என் கடையில் போட்டிருந்தார்கள். முன்பக்கம் முழுக்க உள்ளே போய், எஞ்சின் மட்டும் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஓட்டி வந்த பையன் பக்கத்திலேயே நின்று காயமில்லாத கையால் ரொட்டி தின்றுகொண்டிருந்தான். இன்னொரு கையில் சின்னச் சிராய்ப்பு, அவ்வளவுதான். நான் அவனைப் பார்க்கவே இல்லை. காடியைத்தான் பார்த்தேன். பார்த்துப் பார்த்து வயிற்றெரிச்சல் பட்டேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ராணுவத்தில் இருபத்தொரு வருடம் மெக்கானிக்காக இருந்தவன் நான். கவச வண்டிகள். கதவு ஒன்றைத் திறக்கவே தோள் பலம் வேண்டும். அங்கே நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான் என்று சொல்லலாம்: ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். பக்கத்தில் கூடுதலாக ஒரு தகடு போட்டால் பிரேக் சுட்டுக் கருகும். பிரேக்கைப் பெரிதாக்கினால் சக்கரத்தை மாற்ற வேண்டும். சக்கரம் பெரிதானால் வண்டி உயரும், உயர்ந்தால் வளைவில் சாயும். டிரைவர் பார்க்கிற கண்ணாடியைச் சிறிதாக்கினால் குண்டு வராது, ஆனால் முன்னால் நிற்கிற சொந்த ஆளும் தெரியமாட்டான். எதைக் கூட்டலாம் எதைக் குறைக்கலாம் என்று எங்கேயோ ஏசி அறையில் ஒருவன் உட்கார்ந்து முடிவு பண்ணுவான். குறைந்ததைச் சுமக்கிறவன் வண்டிக்குள்ளே உட்கார்ந்திருப்பான். இவ்வளவும் தெரிந்தவன்தான் நான். தெரிந்து என்ன பிரயோஜனம்?

காடி வந்த அந்த வெள்ளிக்கிழமையே முனியாண்டி கோவிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டோம். நாலு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, மகள் மெதுவாக நசுக்கிக்கொண்டு முன்னே ஓட்டினாள். பண்டாரம் கண்ணாடியில் மூன்று பட்டை போட்டுவிட்டார். சாமி பாதுகாப்பு ஆயிற்று. அடுத்து என் பங்கு.

மறுநாள் சனிக்கிழமை, லீவு நாள், அவள் தூங்கட்டும் என்று விட்டுவிட்டுக் காடியை வொர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப்போய் முன்பக்கத்துப் பிளாஸ்டிக் பம்பரைக் கழற்றினேன். உள்ளே என்ன இருந்தது தெரியுமா? வெள்ளையாக ஒரு நுரைக்கட்டி. பாசாரில் மீன்காரன் ஐஸ் போட்டு வைத்திருப்பானே, அந்தப் பெட்டி மாதிரியே. அதற்குப் பின்னால் மெல்லிசாக ஒரு தகரம், அதைத் தாங்க இரண்டு பக்கமும் மடிப்பு மடிப்பாகக் குட்டைக் குழாய். ஒரு கையால் பிடித்து வளைத்துவிடலாம் போல இருந்தது. நான் தனியாக நின்று சிரித்தேன். மனிதன் உயிருக்கு மீன்பெட்டியா!

கடைக்குப் பின்னால் ஒரு பழைய பால் லாரியின் சேசிஸ் கிடந்தது. ரப்பர்ப் பால் ஏற்றிக்கொண்டு எத்தனையோ வருடம் தோட்டம் தோட்டமாக ஓடிய லாரி. லாரி செத்தும் அதன் இரும்பு சாகவில்லை. அதிலிருந்து நாலடி அறுத்தேன். நுரையையும் தகரத்தையும் குட்டைக் குழாய்களையும் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு, அந்த இரும்பைக் காடியின் இரண்டு முன்சட்டத்தோடும் நேராகச் சேர்த்துப் பற்றவைத்த தாங்கியில் போல்ட் போட்டு முறுக்கினேன். துருப்பிடிக்காமல் இருக்கப் பச்சைப் பெயின்ட் அடித்தேன். மேலே பம்பரை மாட்டினால் ஒன்றுமே தெரியவில்லை. முன்பக்கம் மட்டும் இரண்டு விரல் தணிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மகள் முகம் மாறியது. "ப்பா, அந்த நுரையெல்லாம் எதுக்கு வச்சிருக்காங்கன்னு பாத்தீங்களா?"

"எதுக்கா? இரும்பு விக்கிற வெலைக்கு நுரைதான் கட்டுப்படியாகும் அவனுக்கு. நீ பேசாம இரு. இனிமே பன்னி என்ன, எருமையே வரட்டும்."

"காடியோட புத்தகத்துல..."

"புத்தகம் பாத்து நான் வண்டி செஞ்சதில்ல!"

அதோடு அவள் நிறுத்திக்கொண்டாள். நான் கோபப்படுகிறவன் என்று ஊருக்கே தெரியும். மூக்குக்கு மேல் நிற்கும் கோபம், அரை மணி நேரத்தில் இறங்கிவிடும். அதற்குள் எதிரில் இருக்கிறவர்கள் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டிருப்பார்கள். அன்று அவள் எதை விழுங்கினாள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. எட்டு மாதம் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒன்று மட்டும் உறுத்தியது. அவள் காடியை என் கடைக்குக் கொண்டுவருவதை நிறுத்திவிட்டாள். எஞ்சின் ஆயில் மாற்றுவதற்குக்கூட சிரம்பானிலேயே எங்கேயோ விட்டுவிடுவாள். "வேலைக்குப் பக்கத்துல இருக்குப்பா, காலைல விட்டா சாயங்காலம் எடுத்துக்கலாம்" என்பாள். மெக்கானிக்கின் மகள் வெளியில் ஆயில் மாற்றுகிறாள் என்றால் என்ன நினைப்பது? கிளினிக்கில் வெள்ளைக் கோட்டோடு நிற்கிறவளுக்கு அப்பனுடைய கிரீஸ் கை இளப்பமாகிவிட்டது என்று நினைத்தேன். மனைவியிடம் சொல்லிச் சொல்லிக் காட்டினேன். அவள், "உங்களுக்கு வேற வேலை இல்ல" என்று கருவேப்பிலையை உருவிக்கொண்டிருப்பாள். நானும் முறுக்கிக்கொண்டு மகளுடைய காடிப் பக்கமே போகவில்லை. ஒருமுறை தூரத்திலிருந்து பார்த்தபோது முன்பக்கம் கொஞ்சம் நிமிர்ந்த மாதிரி இருந்தது. ஸ்பிரிங் பழகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பழகப் பழக ஸ்பிரிங் இறங்குமே தவிர ஏறாது. இது வேலை கற்றுக்கொள்ள வந்த முதல் நாளே தெரிந்துகொள்கிற சங்கதி.

அப்புறம் அந்த நாள் வந்தது. மூன்று மணி இருக்கும். சுவா பக்கம் ஒரு தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. இருபது வருடப் பழக்கம். அவர் மனைவி ஃபோன் பண்ணினார். நண்பருடைய பழைய பிக்கப் தோட்டத்துச் சாலையில் வாய்க்கால் பாலத்துச் சுவரில் மோதிவிட்டது, அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள், உயிருக்கு ஒன்றுமில்லை, வண்டி வழியை மறித்து நிற்கிறது, பழம் ஏற்றின லாரி போக முடியாமல் தோட்டத்து மேஸ்திரி மண்டோர் கத்துகிறார், வந்து எடுத்துக் கொடுங்கள் அண்ணே என்றார். மோட்டர் சைக்கிளில் சாமான் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அந்தப் பிக்கப்புக்கும் முன்னால் இரும்பு போட்டது நான்தான். மகள் காடிக்குப் போடுவதற்கு ஒரு வருடம் முன்பே போட்டது. அதே பால் லாரியின் சேசிஸ்.

போய்ப் பார்த்தால், வண்டி சிமெண்ட் சுவரில் மூக்கை வைத்துக்கொண்டு சாதுவாக நின்றது. சுவரில்தான் ஒரு மூலை பெயர்ந்திருந்தது. இரும்பில் பெயின்ட் போனதோடு சரி. ரேடியேட்டரில் ஒரு சொட்டு ஒழுகவில்லை, விளக்குகூட உடையவில்லை. ஏறி உட்காராமல் வெளியில் நின்றபடியே கையை விட்டுச் சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பு, பிடித்துக்கொண்டது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. பானட்டை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன்.

"பாத்தியா தங்கச்சி! வண்டிக்கு ஒண்ணுமே ஆகல!"

நண்பரின் மனைவி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் துணிப்பையோடு நின்றிருந்தார். அழுது முடித்த முகம். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஆமாண்ணே. வண்டிக்கு ஒண்ணும் ஆகல. அவருக்குத்தான் நெஞ்செலும்பு மூணு போச்சு."

மண்டோர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் வண்டியைப் பின்னால் எடுக்க உள்ளே ஏறினேன். ஏறினதும் கண்டது ஸ்டீரிங்கை. வட்டத்தின் கீழ்ப்பாதி முன்பக்கமாக வளைந்திருந்தது. கையால் வளைத்துப் பார்த்தேன், அசையவில்லை. அந்த மனிதன் தன் நெஞ்சைக் கொடுத்து அதை வளைத்திருக்கிறான். வேகம்கூட இல்லை, மழைக்குழிக்கு ஒதுங்கப்போய் மெதுவாகத்தான் இடித்தேன் என்று சொன்னாராம். சுவரில் இடித்த இடி எங்கேயாவது போயாக வேண்டும். இரும்பு வாங்கிக்கொள்ளவில்லை. நேராக உள்ளே அனுப்பிவிட்டது.

அந்த சீட்டில் உட்கார்ந்தபடியே எனக்கு முகாமில் நடந்த ஒரு சம்பவம் நினைவு வந்தது. நினைவு வந்தது என்ன, நான் ஆயிரம் தடவை சொன்ன கதைதான் அது. பயிற்சியின்போது ஒரு கவச வண்டி வழுக்கிப் போய்க் கால்வாய்க் கரையில் முட்டி நின்றது. நான்தான் போய்ச் சோதித்தேன். ஒரு கீறல். 'சேதம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உள்ளே துப்பாக்கி பிடிக்கிறவனுக்கு வாய் போய்க் குறிபார்க்கும் கண்ணாடியில் அடித்து, முன்பல் நாலு கையில் வந்திருந்தது. தேத்தண்ணிக் கடையில் இந்தக் கதையை வாய் கிழியச் சொல்லியிருக்கிறேன். 'கரை உடைஞ்சிச்சு, பல்லு உடைஞ்சிச்சு, வண்டி உடையல!' என்று முடிப்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். அந்தப் பையன் ஒரு கையில் ரத்தத்தோடும் இன்னொரு கையில் பல்லோடும் நின்றதை நான் ஒருநாளும் சிரிக்காமல் சொன்னதில்லை.

சட்டென்று மீன்பெட்டி நுரை ஞாபகம் வந்தது. மடிப்பு மடிப்பாக இருந்த அந்தக் குட்டைக் குழாய். நசுங்குவதற்கென்றே மடித்து வைத்திருக்கிறான்! காடி நசுங்கி நசுங்கி இடியைத் தின்றுவிட்டு, உள்ளே இருக்கிற ஆளுக்கு மிச்சத்தை மட்டும் கொடுக்க. கட்டி இழுத்து வந்த காடியும், பக்கத்தில் ரொட்டி தின்றுகொண்டு நின்ற பையனும் கண்முன்னே வந்தார்கள். காடி செத்தது. பையன் ரொட்டி தின்றான். நான் அதைப் பார்த்துவிட்டுத்தான் போய் என் மகள் காடியில் இரும்பை வைத்தேன்.

கடிகாரத்தைப் பார்த்தேன். மணி நாலரை. அவள் ஐந்துக்குக் கிளம்புவாள்.

ஃபோன் போட்டேன். எடுக்கவில்லை. கிளினிக்கில் வேலை நேரத்தில் ஃபோனை அலமாரியில் வைத்துவிடுவாள். மறுபடி போட்டேன். பிக்கப்பை ஓரங்கட்டிவிட்டு மறுபடி. வானம் கருத்துக்கொண்டு வந்தது. மனைவிக்குப் போட்டேன்.

"பாப்பாவுக்கு ஃபோன் பண்ணு. காடியை அங்கேயே விட்டுட்டு பஸ்ல வரச் சொல்லு."

"ஏன், என்னாச்சு?"

"காரணம் கேக்காத! அந்த இரும்பு இருக்கே, அது... அதோட அவ வரக்கூடாது. மழை வேற வருது."

அந்தப் பக்கம் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "ஒண்ணும் ஆகாது. நீங்க மழைக்கு முன்னால வீடு வந்து சேருங்க" என்றாள். அமைதியாக!

"ஒண்ணும் ஆகாதா? உனக்கு என்னா தெரியும்? எலும்பு முறிஞ்சு ஆளு ஆஸ்பத்திரில கெடக்குறான், ஒண்ணும் ஆகாதாம்!"

"ஏங்க, நான் சொல்றதக் கொஞ்சம்..."

வைத்துவிட்டேன். இப்படித்தான் நான்.

மோட்டரை எடுத்துக்கொண்டு வந்த வழியே விரட்டினேன். பாதியில் மழை பிடித்துக்கொண்டது. நம்ம ஊர் மழை, கல்லைக் கொட்டுகிற மழை. நேராக சிரம்பானுக்கே போய்விடலாம் என்று தோன்றியது. போய்க்கொண்டிருக்கும்போதே எதிரில் அவள் தாண்டிப் போய்விட்டால்? கோலா சாவா முச்சந்தியில் பஸ் நிற்கிற கொட்டகை ஒன்று இருக்கிறது. அவள் எந்த வழியில் வந்தாலும் அதைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அங்கே நிறுத்தினேன்.

எனக்கு உட்காரத் தெரியாது. கோவிலிலேயே ஐந்து நிமிடத்தில் எழுந்து பிராகாரம் சுற்றுகிறவன். கொட்டகையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் எட்டுக் காலடி. நடந்தேன். பையைத் திறந்து ஸ்பானர்களைப் பெரிசு சிறிசாக அடுக்கினேன், கலைத்தேன். இருபத்திரண்டு எம்எம் போல்ட், நானே முறுக்கினது. ஸ்பானர் கைப்பிடியில் ஒரு நீளக் குழாய் போடாமல் கழலாது. குழாய் கொண்டுவரவில்லை. அதற்கு என்னை நானே ஏசிக்கொண்டேன். மணி ஐந்தரை. வெள்ளைக் காடி ஒவ்வொன்றும் திருப்பத்தில் தெரியும்போது உயிர் போய் உயிர் வந்தது. இந்த நாட்டில் எல்லாரும் ஏன் வெள்ளைக் காடியாகவே வாங்கித் தொலைக்கிறார்கள்? ஃபோன் போட்டேன். ஓட்டும்போது எடுக்கக்கூடாது என்று அவளிடம் கத்திக் கத்திப் பழக்கியது நான்தான். எடுக்கவில்லை.

ஆறு. பன்றிகள் இறங்குகிற நேரம். செம்பனைக்குள் இருட்டிவிட்டது. ஒரு பன்றி, ஒரு பிரேக், ஈரத் தார், ஓரத்தில் ஒரு மரம். இவ்வளவு போதும். பன்றி மேல் எனக்கு இருந்த கோபம் எல்லாம் போய்விட்டது. அது வந்தால் இடித்துவிட்டு முன்பக்கம் நசுங்கி, அவள் இறங்கி நின்று ரொட்டி தின்றிருப்பாளே! அந்த வழியை அடைத்தது நான். "முனியாண்டி, நான் வச்ச இரும்பு அவ மேல விழாம பாத்துக்க" என்று வாய்விட்டே சொன்னேன். கொட்டகையில் ஒதுங்கியிருந்த மலாய்க்கார அம்மா ஒருவர் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

ஆறேகாலுக்கு அவள் காடி வந்தது. நம்பரைப் பார்த்ததும் தலைகால் புரியாமல் சாலை நடுவில் இறங்கிக் கையை விரித்துக்கொண்டு நின்றேன். பிரேக் போட்டாள். கீச்சென்று வழுக்கிக்கொண்டு வந்து என் முழங்காலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

கண்ணாடி இறங்கியது. "ப்பா! பைத்தியமா உங்களுக்கு? அடிச்சிருந்தா?"

"ஓரங்கட்டு. எஞ்சினை நிறுத்து. எறங்கு."

"என்னப்பா, அம்மாவுக்கு..."

"யாருக்கும் ஒண்ணுமில்ல. ஓரங்கட்டுன்னேன்!"

கொட்டகைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். நான் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஈரத் தாரில் அப்படியே மல்லாந்து, பம்பருக்கு அடியில் தலையை நுழைத்தேன். மழைத்தண்ணீர் பிடரி வழியாகச் சட்டைக்குள் ஓடியது. பச்சை இரும்பைத் தேடினேன்.

வெள்ளையாக இருந்தது.

நுரை. புது நுரை. அதற்குப் பின்னால் அந்த மெல்லிசுத் தகரம், இரண்டு பக்கமும் மடிப்புக் குழாய். என் தாங்கிகளைச் சுத்தமாக அறுத்தெடுத்து, அறுத்த இடத்தைப் பிசிறில்லாமல் தேய்த்துப் பெயின்ட் அடித்திருந்தார்கள். நல்ல வேலை. நான் செய்திருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும். அங்கேயே படுத்திருந்தேன். எழுந்திருக்கத் தோன்றவில்லை.

அவள் குடையோடு குனிந்தாள். அவள் செருப்புதான் எனக்குத் தெரிந்தது.

"எப்ப?" என்றேன்.

"நீங்க போட்ட மூணாவது வாரம். தெமியாங்ல ஒரு தகரம் தட்டுற கடை இருக்கு, அங்க." குடையை என் பக்கம் சாய்த்தாள். "உங்ககிட்ட கேட்டேன்ப்பா. நுரை எதுக்குன்னு. நீங்க கேக்கவே விடல."

"அதனாலதான் நம்ம கடைக்கு வரலியா?"

"வந்தா தூக்கிப் பாத்துருவீங்க. திரும்ப வச்சிருவீங்க."

வைத்திருப்பேன். இன்னும் பெரிய இரும்பாக வைத்திருப்பேன்.

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"ரோசாத் தொட்டி எல்லாம் எதுமேல நிக்குதுன்னு நெனச்சீங்க?"

வீட்டுப் பின்புறம், குளியலறைச் சுவரோரம், தினமும் நான் பல் விளக்குகிற இடத்தில். ஏழெட்டுத் தொட்டி வரிசையாக ஓர் இரும்பின்மேல். வீட்டைச் சுற்றி இரும்பு கிடக்கிறவனுக்கு ஓர் இரும்பு கூடினது எப்படித் தெரியும்? எட்டு மாதம் இல்லாத இரும்பை நம்பித் தூங்கியிருக்கிறேன். இரண்டு மணி நேரம் இல்லாத இரும்புக்குப் பயந்து செத்திருக்கிறேன். என் மனைவி அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வந்தது அழுகைதான், மழையில் வித்தியாசம் தெரியவில்லை. மகள் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

"உள்ள உக்காருங்கப்பா, நனைஞ்சது போதும். மோட்டரை நாளைக்கு எடுத்துக்கலாம்."

அவள் ஓட்டுகிற சீட்டில் ஏறினாள். நான் இந்தப் பக்கக் கதவைத் திறக்கப் போனவன், அவள் உட்கார்ந்த விதத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். என் மகள் குட்டை. முதுகுக்கு ஒரு தலையணை வைத்து, சீட்டை முன்னே இழுத்து, ஸ்டீரிங்கைக் கட்டிக்கொள்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். நெஞ்சுக்கும் ஸ்டீரிங்குக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. ஸ்டீரிங்குக்குள்தான் காற்றுப் பை மடிந்து கிடக்கிறது. மோதினால் கண்ணிமைக்கும் நேரத்தில் வெடித்து விரிவதற்கு அதற்கும் ஓர் இடம் வேண்டும். நான் வளைக்கப் பார்த்து அசையாத அந்தப் பிக்கப் ஸ்டீரிங்கின் விறைப்பு கையில் இன்னும் இருந்தது. முகாமில் ஒரு வண்டி நகர்வதற்கு முன்னால் உள்ளே இருக்கிற ஒவ்வொருவனும் சரியாக உட்கார்ந்திருக்கிறானா என்று பார்ப்பது என் வேலை. சரியில்லாவிட்டால் அவன் பரம்பரையையே இழுத்து ஏசுவேன். இந்தக் காடி வந்து எட்டு மாதம் ஆகிறது. தகட்டை அமுக்கினேன், பம்பரைக் கழற்றினேன், டயரை உதைத்தேன். இவள் எப்படி உட்கார்கிறாள் என்று ஒருநாளும் பார்க்கவில்லை.

"தலகாணிய எடு."

"எடுத்தா கால் எட்டாதுப்பா."

"எடும்மா. பாப்போம்."

குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. அவள் எடுத்தாள். திறந்த கதவுக்கு வெளியே மழையில் முழங்கால் போட்டேன். சீட்டுக்கு அடியில் கையை விட்டுப் பின்னே தள்ளினேன். பிரேக்கில் நுனிக்கால்தான் பட்டது. சீட்டு ஓடுகிற தண்டவாளத்தில் முன்னே ஒரு பல் இழுத்தேன். சீட்டை உயர்த்தினால் தொடை ஸ்டீரிங்கில் இடித்தது. ஸ்டீரிங்கை மேலே ஏற்றினேன். சாய்வை இரண்டு பல் பின்னே விட்டேன். இந்தக் காடியில் ஸ்டீரிங் மேலேயும் கீழேயும்தான் போகும், முன்னே பின்னே வராது. எங்கேயோ ஒருவன் உட்கார்ந்து அதைக் குறைத்திருக்கிறான். கால் எட்டினால் நெஞ்சு கிட்டே வந்தது, நெஞ்சு விலகினால் கால் நழுவியது. உயர்த்தி, இறக்கி, தள்ளி, இழுத்து. ஒவ்வொரு தடவையும் "பிரேக்கை முழுக்க அமுக்கு" என்றேன். அவள் அமுக்கினாள். என் கையை விரித்து நடுவில் வைத்துப் பார்த்தேன்.

ஒரு சாண் வந்தது. அப்புறம் ஒரு சாணும் இரண்டு விரலும்.

"போதும்ப்பா. சளி பிடிக்கும், ஏறுங்க."

"இரும்மா," என்றேன். "இன்னும் ஒரு விரல்."